பகலில் இழுத்த புகை, இரவில் வரும் காய்ச்சல்

ஜி.ஐ. பைப்பில் நாள் முழுக்க வெல்டிங் அடித்தவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வருவது இந்தத் தொழிலில் புதிதல்ல. பகலில் ஒன்றும் தெரியாது. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் வாயில் ஏதோ நாணயத்தை நக்கியது போல ஒரு சுவை தட்டும். தொண்டை வறளும். அப்புறம் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. ஓரிரு நாளில் தானாகவே இறங்கிவிடும். சளி பிடித்திருக்கும் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். ஜி.ஐ. பைப்பின் மேல் பூசிய துத்தநாகம் ஆவியாகி, காற்றில் எரிந்து, வெள்ளைப் புகையாக நுரையீரலுக்குள் போனதால் வருவது. மூச்சில் போன 4 முதல் 10 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு. தொடர்ந்து நாலைந்து நாள் இதே புகையில் இருந்தால் உடம்பு பழகிப்போய் காய்ச்சல் குறையும். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

துத்தநாகக் காய்ச்சல் பெரும்பாலும் தழும்பு எதுவும் விடாமல் போய்விடும். அதைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் வேறு. வெல்டிங் புகையின் குணம் அதில் அப்படியே தெரிகிறது: உடம்பு உடனே சொல்வதில்லை. துத்தநாகம் சில மணி நேரம் தாமதித்துச் சொல்கிறது. காட்மியம் என்ற உலோகமும் பாஸ்ஜீன் என்ற வாயுவும் அதே போலத் தாமதித்து உயிரையே எடுத்துவிடும். மாங்கனீஸ் வருடக்கணக்கில் தாமதிக்கும். வெல்டிங்கைக் காற்றுப் படாமல் மூடும் வாயுவான ஆர்கான் சொல்லவே சொல்லாது. இருமல் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம், கண் எரிந்தால் வெளியே போகலாம் என்று உடம்பின் எச்சரிக்கையை நம்பி வேலை செய்பவர் மிக ஆபத்தான பொருட்களிடம்தான் ஏமாறுகிறார். பாதுகாப்பை, உருகி இரும்பை ஒட்டும் கம்பியான ராடைத் தட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

புகை உண்டாகும் விதம்

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறிதான் ஆர்க். அதன் வெப்பம் பல ஆயிரம் டிகிரி செல்சியஸ். இரும்பு 1538 டிகிரியில் உருகும். 2860 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஆக, ஆர்க்கின் நுனியில் உலோகம் உருகுவதோடு நிற்பதில்லை, கொஞ்சம் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி மேலே எழுந்து காற்றைத் தொட்டதும் குளிர்ந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து, மிக நுண்ணிய துகளாகிறது. நாம் புகை என்று பார்ப்பது இந்த உலோக ஆக்சைடுத் துகள்களைத்தான். விறகுப் புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. ஒரு தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியாக வெளியே தள்ளிவிடும். இந்த அளவுத் துகள் அவற்றையெல்லாம் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய்விடும்.

கொதிநிலையை வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கிறது. அதாவது கீழே இருக்கும் இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே மேல்பூச்சு ஆவியாகி எழுந்துவிடும். ஜி.ஐ. தகட்டில் அந்த வெள்ளைப் புகை அவ்வளவு அடர்த்தியாக வருவது இதனால்தான். காட்மியம் இன்னும் மோசம், 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாங்கனீஸ் 2061 டிகிரியில் கொதிக்கும், இரும்புக்கு முன்னால். அதனால் ராடில் மாங்கனீஸ் சிறிதளவே இருந்தாலும் புகையில் அதன் பங்கு கூடுதலாக இருக்கும். எந்த உலோகம் சீக்கிரம் கொதிக்கிறதோ அது புகையில் முந்திக்கொள்ளும்.

இன்னொன்று, புகையில் பத்தில் ஒன்பது பங்கு ராடிலிருந்தோ கம்பியிலிருந்தோதான் வருகிறது. ஒட்டப்படும் இரும்பிலிருந்து வருவது குறைவு. மேல்பூச்சு இருக்கும் உலோகம் மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே 'நான் சாதா இரும்பில்தானே வேலை செய்கிறேன்' என்று சொல்வது பாதிப் பதில்தான். ராடு பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது, அதன் மேல் பூச்சில் என்ன இருக்கிறது என்பதுதான் மீதி. தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் இவை இருக்கும். கேட்டால் தர வேண்டியது விற்பவரின் பொறுப்பு.

எந்த முறையில் வெல்டிங் செய்கிறோம் என்பதும் புகையின் அளவை மாற்றும். உள்ளே ஃபிளக்ஸ் என்ற தூள் அடைத்த கம்பியும் சாதாரண ராடும் அதிகப் புகை விடும். ஆர்க்கைக் காற்றிலிருந்து மறைக்கும் கேஸ் மூடாக்கோடு, கம்பி தானே ஓடும் மிக் வெல்டிங்கில் அதைவிடக் குறைவு. ஆர்கான் வெல்டிங் எனப்படும் டிக் முறையில் புகை கண்ணுக்கே தெரியாத அளவு. தூளுக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்ஜ்டு ஆர்க்கிலும் மிகக் குறைவு.

டிக் வெல்டிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்க்கின் புறஊதா ஒளி காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறை உடைத்து ஓசோனாக மாற்றும். புகை அடர்த்தியாக இருந்தால் அந்த ஒளியில் கொஞ்சம் புகையிலேயே நின்றுபோகும். உண்டான ஓசோனும் துகள்களில் பட்டுச் சிதையும். புகையே இல்லாத சுத்தமான ஆர்க்கில் ஒளி தடையின்றிப் பரவுவதால் ஓசோன் கூடும். பளபளக்கும் அலுமினியத்தில் இது இன்னும் அதிகம். காற்றில் ஓசோனுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு மட்டுமே. டிக் அடிக்கும்போது நெஞ்சு இறுக்கமும் வறட்டு இருமலும் வந்தால் அதைக் களைப்பென்று தள்ளிவிட வேண்டாம்.

இரும்புப் புகை கெடுதலில்லை என்ற நம்பிக்கை

மைல்ட் ஸ்டீல் எனப்படும் சாதா இரும்பின் புகையை இந்தத் தொழிலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1936-இல் டாய்க், மெக்லாஃப்லின் என்ற இரண்டு மருத்துவர்கள் பிரிட்டனில் ஆர்க் வெல்டர்களின் நெஞ்சு எக்ஸ்-ரேயில் நிறையப் புள்ளிகளைப் பார்த்து எழுதினார்கள். படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது நுரையீரலில் படிந்த இரும்பு ஆக்சைடு. சிடரோசிஸ் என்று பெயர். வேலையை விட்டால் பலருக்கு மெல்லக் குறைந்தும் போகும். இதை வைத்துத்தான் இரும்புப் புகை கெடுதல் செய்யாது என்ற எண்ணம் வேரூன்றியது.

அந்த எண்ணம் இப்போது செல்லாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989-இல் வெல்டிங் புகையை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உண்டு' என்ற பிரிவில் வைத்திருந்தது. 2017-இல் திரும்ப ஆராய்ந்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவுக்கு மாற்றியது. ஆர்க்கின் புறஊதா ஒளியும் அதே பிரிவில்தான். புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருளில்லை. சான்று அதே அளவு உறுதியானது என்றுதான் பொருள். இதைத் தொடர்ந்து பிரிட்டனின் பாதுகாப்பு நிர்வாகம் 2019 பிப்ரவரியில் மைல்ட் ஸ்டீல் புகையும் நுரையீரல் புற்றுநோய் தரக்கூடியது, கதவு சன்னலைத் திறந்து வைப்பது மட்டும் போதாது என்று அறிவித்தது. கட்டடத்துக்குள் எவ்வளவு சின்ன வேலை என்றாலும் புகையை ஆர்க்கின் அருகிலேயே இழுக்கும் ஏற்பாடு வேண்டும், வெளியில் செய்தால் மூச்சுக் கவசம் வேண்டும் என்றது.

புற்றுநோயைத் தவிர மாங்கனீஸ் இருக்கிறது. இது மூளையைத் தொடும். ஸ்காட்லாந்தில் மாங்கனீஸ் தாதுவை அரைத்த தொழிலாளர்கள் நடை தடுமாறி, குரல் குன்றிப் போனதை கூப்பர் என்பவர் 1837-இலேயே பதிவு செய்திருக்கிறார். பார்க்கின்சன் நோய் போலவே தோன்றும்: முகத்தில் உணர்ச்சி குறையும், நடை மாறும், கை நடுங்கும். அதற்கு முன்பு எரிச்சல், தூக்கமின்மை, மறதி போன்றவை வரலாம். அந்தக் கட்டத்தில் யார் வெல்டிங்கை நினைக்கப் போகிறார்கள்? வயது, வீட்டுக் கவலை என்றுதான் சொல்வார்கள். மாங்கனீஸ் வரம்பு இவ்வளவு இறுக்கமாக வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் மாநாடு 2013 முதல் பரிந்துரைப்பது, நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்துகளாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.02 மில்லிகிராம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியமும் நிக்கலும் உண்டு. குரோமியம் தட்டில் இருக்கும்வரை சாது. ஆர்க்கில் அதன் ஒரு பகுதி ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற வடிவத்துக்கு மாறும்போது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. மூக்கின் நடுச்சுவரையே அரித்துவிடும். ராடு கொண்டு அடிக்கும்போது இது கூடுதல், ஏனென்றால் ராடின் பூச்சிலுள்ள பொட்டாசியமும் சோடியமும் அந்த வடிவத்துக்குத் துணை போகின்றன. டிக் முறையில் மிகக் குறைவு. ஓஷா 2006-இல் வைத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராம். ஒரே ஒரு தூள் உப்புப் பரலின் எடை அளவுதான். கண்ணால் பார்த்துக் கணிக்கக்கூடிய அளவே அல்ல.

பூச்சுதான் பாதி வில்லங்கம்

பழைய போல்ட், பழைய இயந்திரப் பாகம், உருக்கி ஒட்டப் பயன்படும் சில வகை வெள்ளி பிரேசிங் கம்பி ஆகியவற்றில் காட்மியம் இருக்கலாம். பார்வைக்குத் துத்தநாகப் பூச்சு போலவே தோன்றும். அன்றிரவு வரும் அறிகுறியும் முதலில் துத்தநாகக் காய்ச்சல் போலவே இருக்கும். பயப்பட வேண்டியது இந்த ஒற்றுமைக்குத்தான். வழக்கமான காய்ச்சல் என்று படுத்தவருக்கு அடுத்த ஓரிரு நாளில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று முற்றி, நுரையீரலில் நீர் கோத்து உயிர் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. இன்ன பூச்சு என்று தெரியாத பழைய பாகத்தில் நேரடியாக ஆர்க்கை வைக்கவே கூடாது. தெரிந்துகொள்ள வழியில்லை என்றால் காட்மியம் என்றே எண்ணி நடந்துகொள்வது நல்லது.

பெயின்ட்டும் அப்படியே. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். எபாக்ஸி, பாலியூரித்தேன் வகைப் பூச்சுகள் சூட்டில் சிதைந்து நுரையீரலை உறுத்தும் வாயுக்களை விடும். பாலியூரித்தேனிலிருந்து வரும் ஐசோசயனேட் நிரந்தர ஆஸ்துமாவையே கொண்டுவரலாம். அடைத்த இடங்களில் நச்சுப் பூச்சு உள்ள இரும்பைச் சூடாக்கும்போது, சூடுபடும் இடத்திலிருந்து குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர், பூச்சை நீக்க வேண்டும் என்பது ஓஷா விதி. திறந்த இடத்திலும் இதையே பழக்கமாக்கிக்கொள்வதில் என்ன நஷ்டம்? பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். முன்பக்கம் பளிச்சென்று தேய்த்துவிட்டு, பின்பக்கப் பெயின்ட் எரிந்து புகைவதைப் பார்க்காமல் அடிப்பவர்கள் நிறையப் பேர். கிரைண்டரால் தேய்க்கும்போது கிளம்பும் தூளும் அதே நஞ்சுதான். மாஸ்க் அப்போதிலிருந்தே வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் திரவம் இதைவிடக் கொடியது. சில பிரேக் கிளீனர்களிலும் டிகிரீசர்களிலும் குளோரின் கலந்த கரைப்பான்கள் உண்டு. டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு என்று டப்பாவில் எழுதியிருக்கும். இவற்றின் ஈரமோ ஆவியோ இருக்கும் இடத்தில் ஆர்க் போட்டால், சூட்டிலும் புறஊதா ஒளியிலும் அது உடைந்து பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் 1915-இலிருந்து போர்க்களத்தில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. புதிதாக வெட்டிய புல் போல லேசாக மணக்கும் என்பார்கள். அந்த மணம் தெரிவதற்குள் ஆபத்தான அளவை இழுத்திருக்கலாம். இழுத்த பின் பல மணி நேரம் ஒன்றுமே இல்லாதது போல இருந்து, ஒரு நாளுக்குள் நுரையீரலில் நீர் நிறையும். அரைக் குப்பி திரவத்தால் துடைத்து, நன்றாகக் காயவிடாமல், ஒரே ஒரு டாக், அதாவது சின்னப் பொட்டு வெல்டிங், அடித்தால் போதும். பெயரில் குளோரோ என்று வரும் எதையும் வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சோப்புத் தண்ணீர் போதாத பிசுக்கு என்றால் குளோரின் இல்லாத கிளீனர் கிடைக்கிறது. அதுவும் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் முழுக்கக் காய்ந்த பிறகே ஆர்க்.

டிக் முறையில் ஆர்க் கிளம்பும் டங்ஸ்டன் ஊசி பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சிவப்பு நுனி கொண்ட டங்ஸ்டனில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. அடிக்கும்போது பெரிய ஆபத்தில்லை. கூர் தீட்டும்போது வரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் கூடாது. லாந்தனம், சீரியம் சேர்ந்த ஊசிகள் அதே வேலையைச் செய்கின்றன.

மூச்சு முட்டாமல் சாவது

இதுவரை சொன்னவை நஞ்சுகள். ஆர்கான் நஞ்சே அல்ல. நிறமில்லை, மணமில்லை, எதோடும் சேராது. ஆனால் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது. குழி, தொட்டி, பைப்பின் உள்புறம், பெரிய கலத்தின் அடிப்பகுதி என்று தாழ்வான இடத்தில் தேங்கி, அங்கிருந்த காற்றை வெளியே தள்ளிவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்துக்குள் நுழையக் கூடாது. 10 சதவீதத்தை ஒட்டி மயக்கம் வரும். 6-க்குக் கீழே சில மூச்சுகளிலேயே ஆள் விழுந்துவிடுவார்.

நமக்கு மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவல்ல, உடம்பில் கூடும் கார்பன் டை ஆக்சைடு. ஆர்கான் நிறைந்த இடத்தில் மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் திணறலே தெரியாது. நன்றாகத்தான் மூச்சு விடுகிறோம் என்ற நினைப்பிலேயே நினைவு தப்பிவிடும். பர்ஜ் செய்த, அதாவது ஆர்கானை நிரப்பிக் காற்றை வெளியேற்றிய, பைப்புக்குள் தலையை மட்டும் விட்டு வெல்டிங்கின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்தவர்கள்கூட இப்படி இறந்திருக்கிறார்கள்.

அடைத்த இடத்தில் ஆர்கான் மட்டும்தான் எதிரி என்றில்லை. கார்பன் டை ஆக்சைடு மூடாக்கோடு அடிக்கும் மிக் வெல்டிங்கில் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். திறந்த பட்டறையில் கலைந்துவிடும், தொட்டிக்குள் சேரும். கேஸ் டார்ச்சால் நெடுநேரம் சூடேற்றினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் சேரும். இவையும் மணிக்கணக்கில் தாமதித்து நுரையீரலைத் தாக்குபவை. நாள்பட மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியில் யாரும் எதுவும் செய்யாமலேயே துரு ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கலாம்.

ஆகவே உள்ளே போகும் முன் ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்ப்பது, வேலை நடக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பது, நல்ல காற்றை உள்ளே தள்ளுவது, வெளியே ஓர் ஆள் கண்ணை எடுக்காமல் நிற்பது ஆகியவை கட்டாயம். சாப்பாட்டு வேளையில் டார்ச்சையும் ஹோஸையும் உள்ளேயே போட்டுவிட்டு வரக் கூடாது. வால்வு லேசாகக் கசிந்தாலும் திரும்பிப் போகும்போது தொட்டி நிறைந்திருக்கும். காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தற்கொலைக்குச் சமம். ஆக்சிஜன் கூடிய இடத்தில் ஒரு பொறி பட்டால் உடுத்திய துணியே குப்பென்று பற்றிக்கொள்ளும்.

வெளியே நிற்கும் ஆளுக்கு இன்னொரு பயிற்சியும் வேண்டும்: உள்ளே ஒருவர் விழுந்தால் தானும் குதிக்காமல் இருக்க. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் விட்ட எச்சரிக்கையின்படி, அடைத்த இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள். கூட வேலை செய்பவர் கண்முன் விழும்போது சும்மா நிற்க மனம் வராது. அதனால்தான் உள்ளே போகிறவரின் இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டி, மேலேயிருந்தே இழுக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

மாஸ்க் கடைசியில்தான்

பாதுகாப்பு என்றவுடன் எல்லோரும் முதலில் கேட்பது எந்த மாஸ்க் வாங்கலாம் என்றுதான். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன, அவற்றில் சில காசே இல்லாதவை.

தலையை எங்கே வைக்கிறோம் என்பது முதலாவது. சூடான புகை ஆர்க்கிலிருந்து நேராக மேலே எழும். குனிந்து பார்த்தால் முகம் சரியாக அந்தத் தூணுக்குள் இருக்கும். வேலைத் துண்டைச் சற்றுத் திருப்பி, உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி உட்கார்ந்தாலே உள்ளே போவது வெகுவாகக் குறையும். ஃபேன் வைப்பதாக இருந்தால் பக்கத்திலிருந்து வீசட்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து வீசினால் உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று, புகையை முகத்துக்கே கொண்டுவரும். கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டோம் என்று நிம்மதியடைபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: புகை ஆர்க்கிலிருந்து கூரைக்குப் போகும் வழியில்தான் மூக்கு இருக்கிறது.

நன்றாக வேலை செய்வது, ஆர்க்கின் பக்கத்திலேயே குழாய் வாயை வைத்துப் புகையை இழுக்கும் கருவி. இதை வாங்கியவர்கள் செய்யும் தவறு, தூரத்தில் வைப்பது. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய் என்றால், வாயிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் போனதுமே இழுக்கும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டடி தள்ளி வைத்த குழாய் வெறும் சத்தம்தான். ஆர்க் நகர நகரக் குழாயையும் நகர்த்த வேண்டும். ஆர்க் இருக்கும் இடத்தில் வினாடிக்கு அரை மீட்டர் வேகம் இருந்தால் போதும். வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் மூடாக்கு வாயு கலைந்து வெல்டிங்கில் ஓட்டை விழும். அந்தப் பயத்தில்தான் பலர் ஃபேனையே அணைத்துவிடுகிறார்கள். அணைக்கத் தேவையில்லை, அளவு பார்த்தால் போதும்.

சரி, மாஸ்க்குக்கு வருவோம். முகத்தில் கட்டும் கைக்குட்டை, ஈரத் துணி, அறுவைச் சிகிச்சை மாஸ்க் மூன்றும் ஒரு மைக்ரானுக்குக் குறைவான துகளுக்கு நம்பக்கூடிய தடை இல்லை. வெல்டிங் ஷீல்டு கண்ணையும் தோலையும்தான் காக்கும். புகை கீழ்விளிம்பு வழியாக உள்ளே வந்துவிடும். நுண்துகளை வடிகட்டும் என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 தர மாஸ்க் குறைந்தபட்சம். எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 ஃபில்டர் மாட்டிய ரப்பர் அரைமுகக் கவசம் இன்னும் நல்லது. ஷீல்டுக்கு அடியில் அடங்கும்படி தட்டையான ஃபில்டர் வைத்த வகைகள் இருக்கின்றன. எதுவானாலும் முகத்தில் இடைவெளியின்றி ஒட்டினால்தான் பயன். இரண்டு நாள் தாடி இருந்தாலே விளிம்பில் காற்று புகும். தாடி வைத்தவர்களுக்கும், நாள் முழுக்க அடிப்பவர்களுக்கும் பேட்டரியில் ஓடி வடிகட்டிய காற்றை ஷீல்டுக்குள் தள்ளும் கவசம்தான் தோது. விலை கூடுதல்தான். ஆனால் முதலாளி வாங்கிக் கொடுக்க வேண்டிய கருவிகளில் அதுவும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். மெஷின் வாங்கியவர் மூச்சுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

புகை வேறு, வாயு வேறு என்பதை இங்கே மறக்கக் கூடாது. இந்த ஃபில்டர்கள் துகளைத்தான் பிடிக்கும். ஓசோன், பாஸ்ஜீன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் அவற்றின் வழியே அப்படியே போய்விடும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உலகத்தின் எந்த ஃபில்டராலும் பயனில்லை, இல்லாத ஆக்சிஜனை எது வடிகட்டித் தரும்? வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் கவசம்தான் அங்கே வேண்டும்.

ஹெல்பரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பைப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பவர் அதே புகையைத்தான் இழுக்கிறார். புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டில், உலகத்தில் வெல்டர் என்ற பெயரோடு வேலை செய்பவர்கள் சுமார் 1.1 கோடிப் பேர். வெல்டர் என்ற பெயரில்லாமலே இந்தப் புகையில் நிற்பவர்கள் சுமார் 11 கோடி. ஒரு மாஸ்க் வாங்கினால் இன்னொன்றும் வாங்குங்கள்.

பால் குடித்தால் புகை முறியும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க வெல்டர்களிடம் இருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலில் இருக்கிறது. குடிப்பதில் தவறில்லை, அதை நம்பி மாஸ்க்கைக் கழற்றுவதுதான் தவறு. தடுப்பூசி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. உலோகப் புகை நிமோனியாவுக்கு இடம் கொடுக்கிறது என்பதால், பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒன்று செய்யுங்கள். வேலை முடிந்த இரவில் நெஞ்சு இறுகினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். 'இன்று வெல்டிங் செய்தேன்' என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள். எத்தனை மணிக்கு அடித்தீர்கள், எந்த உலோகம், மேலே என்ன பூச்சு, எதால் துடைத்தீர்கள் என்று சொல்லுங்கள். ராடு பாக்கெட்டையும் துடைத்த டப்பாவையும் முடிந்தால் கையோடு எடுத்துப் போங்கள். மூச்சுத் திணறலோடு பேச முடியாமல் போனாலும் அந்த டப்பா பேசும்.